நாற்பத்தாறில் ஒரு ஸங்கல்பம்

எங்கள் ஆரணியில் விடியற்காலையில் தெருவில் செல்பவர்கள் சற்று ஜாக்கிரதையாகச் செல்ல வேண்டும். பட்டுப் பாவை வீதியின் நீளத்துக்கு நீட்டிவைத்து, நெசவாளர்கள் இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தகைய தெரு ஒன்றில், கான்வாஸ் ஜோடும் அரைக்கால் சட்டையுமாக மேல்மூச்சு வாங்க ஓடிவந்த என்னைப் பார்த்து, பாவின் முனையில் நின்ற பெரியவர், "என்ன ஸார், பஸ் போய்விட்டதா?" என்று மிகுந்த அனுதாபத்துடன் விசாரித்தார்.

பஸ் போகவில்லை, வயதுதான் போய்விட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "21 கிலோமீட்டர் ஓடுவதாக உத்தேசம். அதற்குப் பழகுகிறேன்" என்றேன்.

"எத்தனை நாளில்?"

"ஒரே காலையில்."

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி இழையைப் பார்க்கத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். என் தகப்பனாருக்கு என் வயதில் நீரிழிவு கண்டது. கடைசிக் காலத்தில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு என் இரத்தத்தைப் பரிசோதித்த வைத்தியர், "இன்னும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள்" என்றார். அன்று இரவு வெகுநேரம் நான் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நடை நல்லதுதான். ஆனால் நடையை மழை, விருந்தினர், விடைத்தாள் எல்லாம் சுலபமாக நிறுத்திவிடுகின்றன. ஒரு பெரிய தூரத்தை நிர்ணயித்துக்கொண்டாலோ, அது கடன்காரனைப் போல் தினமும் வாசலில் வந்து நிற்கிறது!

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். இந்த விசித்திரக் கணக்கு 1908-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்ஸர் அரண்மனையிலிருந்து அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடம் வரையில் அளந்ததால் ஏற்பட்டதாம். ராஜாங்க சௌகரியத்துக்காக உலகம் இன்றுவரை மூச்சு வாங்குகிறது! நான் அதில் பாதிக்குத்தான் ஆசைப்பட்டேன். அதிலும் இத்தனை மணி, இத்தனை நிமிஷம் என்று ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளவில்லை. காலத்தோடு பந்தயம் போடுவது இருபது வயதுப் பிள்ளைகளின் காரியம். நம் போன்றவர்களுக்குத் தூரம் ஒன்றே போதும்.

பௌஜா ஸிங்கை நேயர்கள் அறிந்திருக்கலாம். பஞ்சாப் கிராமத்து விவசாயி. மனைவியையும், பின்னர் 1994-இல் ஒரு மகனையும் பறிகொடுத்த துயரத்தில், லண்டனில் குடியேறி ஓட ஆரம்பித்தவர். முதல் மாரத்தானை அவர் ஓடியது 2000-இல். அப்பொழுது வயது 89. 2011-இல், நூறாவது வயதில், டொரான்டோவில் எட்டு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டு முழுத் தூரத்தையும் முடித்தார். ஜனன சர்ட்டிபிகேட் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். 1911-இல் அந்நிய ஆட்சியின்கீழ் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு யார் சர்ட்டிபிகேட் எழுதி வைத்தார்கள்? ஆனால் அவர் கடந்த 42 கிலோமீட்டரை எந்தக் குமாஸ்தாவாலும் அடித்துவிட முடியாது. 2025 ஜூலையில் சொந்த ஊர் அருகே மோட்டார் மோதி அவர் காலமானார்.

நூறு வயதுக் கதை நமக்கு எட்டாதது என்று தோன்றினால், சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியனைப் பார்க்கலாம். விபத்தில் காலில் அடிபட்டவர், நீரிழிவும் உள்ளவர். ஐம்பதைக் கடந்த பின்னரே நீண்ட தூர ஓட்டத்தில் இறங்கி, நூறுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அரசியல் அபிப்பிராயம் எதுவானாலும் ஆகட்டும், அந்தக் கால்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரத்திலேயே உற்சாகம் மிகுந்து எட்டுக் கிலோமீட்டர் ஓடினேன். பிறகு பத்து நாள் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பாடம் நடத்தினேன். இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில் அவகாசம் கேட்கின்றன. நாற்பதுக்குமேல் அவை கேட்பது இன்னும் அதிகம். இப்பொழுது நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. ஓடும்போதே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்; முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். (வாத்தியாருக்கு இது கஷ்டமான பரீட்சை அல்ல.) ஆரம்பிக்கும்முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வதும், நம் ஊர் வெயிலுக்கு முன் வீடு திரும்புவதும் அவசியம்.

போளூர் சாலையில் பத்தரை கிலோமீட்டர் போய்த் திரும்புவதே என் ஸங்கல்பம். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருக்கிறேன். நாளைக்கு 12 கிலோமீட்டர். "இந்த வயதில் இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, இன்று அவளாகவே கடிகாரத்தில் நாலு மணிக்கு அலாரம் வைத்தாள்.

"வருகிறபோது பால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்றாள்.