பேரை மாத்துங்க, பழசை மறைக்காதீங்க

ஃபர்ஸ்ட் இயர்ல 'கேத்தி கில்லாடி'ன்னு பேர் வச்சு ஆன்லைன் கார் குழுவில் சேர்ந்தவன், பிளேஸ்மென்ட் நேரத்தில் அதை மாத்த நினைக்கிறது நியாயம்தான். (நானும் அந்தக் கேஸ்தான்.) ஆனா பழைய பேர் சுத்தமா மறையக் கூடாது.

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. "லோ கியர்லயே இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பினா சூடாகிப் பிடிக்காது"ன்னு ஒருத்தர் எழுதினா, அவர் இத்தனை வருஷமா எழுதினதையும் பார்த்துத்தான் நம்புறோம். நியூட்ரல்ல இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சொன்ன ஆள் புதுப் பேர்ல வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2016-ல் ஜிகா வைரஸ் பரவினப்ப, டாடா தன் 'ஜிகா' காரை 'டியாகோ' ஆக்கியது. விற்பனைக்கு வரும் முன்னாடியே மாத்தினதால யாருக்கும் நஷ்டமில்லை. பழகின பேர் அப்படியில்லை.

ஆர்.சி. புக்கைப் பாருங்க. ஓனர் மாறினாலும் டிஎன் 43 நம்பரும் சேசிஸ் நம்பரும் அப்படியே இருக்கும். அதுமாதிரி, புதுப் பேருக்குக் கீழே பழைய பேரும் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

ஒரே விதிவிலக்கு: தொல்லை தாங்காம பேர் மாத்துற பொண்ணுங்க. அவங்க பழைய பேர் அட்மினுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.