ஆட்டு இரத்தம் ஏன் தேவைப்பட்டது?

கோவையைச் சேர்ந்த திரு. அருணாசலம் முருகானந்தம் அவர்களை இன்று அறியாதார் மிகச் சிலரே. 2016-இல் பத்மஸ்ரீ விருது, 2018-இல் அவர் கதையைத் தழுவிய இந்தித் திரைப்படம். அவரது இயந்திரத்தை இயக்கும் உத்தரப்பிரதேசக் கிராமப் பெண்களைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2019-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஆனால் நாங்கள் எழுத விரும்புவது அவர் பெற்ற பரிசுகளைப் பற்றியன்று.

கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தந்தையை விபத்தில் இழந்து, பதினான்கு வயதில் படிப்பை விட்டவர் அவர். 1998-இல் மணமானபின், மனைவி மாதவிடாய்க்குக் கந்தல் துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு வருந்தினார். நாப்கின் வாங்கினால் பால் செலவைக் குறைக்க வேண்டும் என்பது மனைவியின் பதில். எத்தனை வீடுகளின் கணக்கு அது! தாமே பஞ்சில் ஒன்று செய்து கொடுத்தார், சரிவரவில்லை. குறை என்னவென்று மனைவியையும் சகோதரிகளையும் மருத்துவக் கல்லூரி மாணவியரையும் கேட்டார். மனம் திறந்து பேச எவரும் முன்வரவில்லை. வேறு வழியின்றி, கால்பந்தின் ரப்பர்ப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, உடலில் கட்டிக்கொண்டு தம்மீதே சோதித்தார். ஊர் அவரைப் பித்தன் என்றது. மனைவியும் பிறகு தாயும் பிரிந்து சென்றனர். மனைவி திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின.

இதைக் கேட்போர் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ஆட்டு இரத்தம் தேவைப்பட்டிருக்காது!

தேவை பஞ்சன்று, மரக்கூழ் இழை என்பதை இரண்டாண்டுகளுக்கு மேல் தேடியே கண்டறிந்தார். இழையைப் பிரித்து, அச்சில் அழுத்தி, மேலுறை சுற்றி ஒட்டி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கும் எளிய இயந்திரம் உருவாயிற்று. கோடிக்கணக்கில் விலை பெறும் அயல்நாட்டு இயந்திரத்தின் வேலையை, ஓர் இலட்ச ரூபாய்க்கும் குறைவான இயந்திரம் செய்தது. பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே அதைக் கொடுத்தார். அவர் செயல்களுள் இதையே நாங்கள் தலையாயதாகக் கருதுகிறோம்.

இயந்திரம் வந்தும் மௌனம் போகவில்லை. எங்கள் மேட்டுப்பாளையம் கடைகளில் இன்றும் அதைச் செய்தித்தாளில் சுற்றியே தருகிறார்கள். 'வீட்டுக்குத் தூரம்' என்று ஒதுக்கி உட்கார வைக்கும் இல்லங்களும் உண்டு. அருட்சகோதரியரே, ஆறாம் வகுப்புத் தங்கையருக்கு இதை முன்னதாகவே சொல்லிக்கொடுங்கள். பயந்து அழுதபின் சொல்வதில் என்ன பயன்? பெற்றோரே, மாதச் சாமான் பட்டியலில் அரிசி, பருப்போடு இதையும் எழுதுங்கள். அப்பாவோ அண்ணனோ சுற்றாமல் வாங்கி வரட்டும்.