மீன் நீந்தும் விதமும் மீன் விடும் புண்ணியமும்

தமிழர் இல்லங்களில் சித்திரை வருடப்பிறப்பு வரும் அதே நாட்களில்தான் பர்மிய மக்களுக்குத் திஞ்சான் வருகிறது. அப்போது உயிர்மீன்களை விலைக்கு வாங்கி, ஏரியிலும் ஆற்றிலும் விடுவது யாங்கோனில் நெடுநாளைய வழக்கம். அந்தப் புண்ணியத்தில் பங்குகொள்ளும் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா மீனும் ஒரே விதமாக நீந்துவதில்லை.

மீனின் முதுகெலும்புக்கு இருபுறமும் தசைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இடப்புறம் சுருங்கும்போது வலப்புறம் தளரும். இது மாறி மாறி நிகழ்வதால் உடலில் ஓர் அலை எழுந்து வாலை நோக்கிச் செல்கிறது. அலை நீரைப் பின்னே தள்ள, மீன் முன்னே போகிறது. மீனை நறுக்கும்போது விலாவில் தோலுக்கடியில் தெரியும் சிவந்த சதை, நெடுநேரம் நிதானமாக நீந்துவதற்கு உரியது. வெண்சதை திடீர்ப் பாய்ச்சலுக்கு உரியது. அது விரைவில் களைத்துவிடும்.

விலாங்கு உடல் முழுவதையும் பாம்புபோல் நெளிக்கும். பர்மியர் ஙாமிச்சின் என்னும் ரோகு கெண்டை, உடலின் பின்பாதியையே அசைக்கும். கடலிலுள்ள சூரை உடலை விறைப்பாக வைத்துக்கொண்டு பிறைபோன்ற வாலை வீசும். திருக்கைக்கு அகன்ற மார்புத் துடுப்புகளே போதும். மீன்வடைக்குப் பெயர்பெற்ற ஙாபே என்னும் சொட்டைவாளையோ, உடலை வளைக்காமல் அடிப்புறத்து நீண்ட துடுப்பில் அலை எழுப்பும். அலையின் திசையை மாற்றினால் பின்னோக்கியும் போகும்.

பனையேறிக் கெண்டை தரையிலும் நகரும். செவுள்மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்திச் செல்லும். 1791இல் தரங்கம்பாடியில் இம்மீனைப் பனைமரப் பிளவொன்றில் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியுள்ளார். இதுவும், விறாலும், மோஹிங்காவுக்குப் போடும் கெளுத்தியும் காற்றைச் சுவாசிக்க வல்லவை; ஆகையால் கூடையில் சிலநேரம் தாக்குப்பிடிக்கும். ரோகுவால் அது இயலாது.

கூடையில் துள்ளித் துள்ளி மீனின் வெண்சதை களைத்திருக்கும். அந்நிலையில் பாலத்தின் மேலிருந்து வீசினால் நீரோட்டத்தை எதிர்க்க வலுவின்றிப் பறவைக்கோ பெரிய மீனுக்கோ இரையாகும். எனவே நிறையத் தண்ணீருள்ள பாத்திரத்தில் கொண்டுசெல்ல வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் மேனியின் வழுவழுப்பு போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்குவதும் தகாது. கரையோரத்து அமைதியான நீரில் பாத்திரத்தைச் சாய்த்து, மீன் தானாக வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பண்ணைகளில் வளர்க்கும் அயல்நாட்டு மீன்களை விடவே கூடாது. அவை உள்ளூர் மீன்களின் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

மீனைத் தண்ணீரில் போட்டவுடன் புண்ணியம் முடிந்துவிடுவதில்லை. அது தன் வலுவால் நீந்திப் போனால்தான் விடுதலை பெற்றதாகும்.