பயந்த கோளாறுக்கும் ஆஸ்பத்திரி உண்டு!

கள்ளக்குறிச்சி வட்டாரத்து அரிசி ஆலைகளில் மூட்டை சுமக்கும் தோழரானாலும் சரி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு உரிக்கும் சகோதரியானாலும் சரி, கரும்புக் காட்டில் வெட்டுக்குப் போகும் கூலித் தொழிலாளியானாலும் சரி, இவர்கள் வாயிலிருந்து நாம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, மூச்சு அடைக்குது, கை கால் வெலவெலத்துப் போகுது, செத்துடுவேனோன்னு பயமா இருக்குது."

இப்படிச் சொல்கிறவரை என்ன செய்கிறோம்? முதலில் பக்கத்துத் தனியார் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், "ஒன்றுமில்லை, போய்த் தூங்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. படபடப்பு மட்டும் போவதில்லை. அடுத்தது பூசாரி. "பயந்த கோளாறு, காத்து கருப்பு" என்று வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டுகிறார். அதற்கும் அடங்கவில்லையென்றால் மூன்றாவது வைத்தியம் சாராயம். இந்த மூன்று வாசல்களிலும் ஏறி இறங்கிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை எத்தனை!

தோழர்களே! "ஒன்றுமில்லை" என்பது சரியான பதிலல்ல. அங்கே ஒரு நோய் இருக்கிறது. வைத்திய சாஸ்திரம் அதைப் பதற்ற நோய் என்று அழைக்கிறது.

வயல் வரப்பில் பாம்பைக் கண்டால் நெஞ்சு துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, கால்கள் ஓடத் தயாராகின்றன. அது உடம்பு நம்மைக் காப்பாற்றச் செய்யும் ஏற்பாடு. பாம்பு போனதும் அதுவும் அடங்க வேண்டும். பாம்பே இல்லாதபோதும் அதே துடிப்பு திரும்பத் திரும்ப வருமானால், அந்த ஏற்பாடு பழுதாகிவிட்டது என்று பொருள். சிலருக்கு அது திடீரென்று பொங்கி, சில நிமிஷங்களில் உச்சிக்கு ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். ஆனால் "மறுபடி எப்போது வருமோ" என்ற பயத்திலேயே மனிதன் பஸ் ஏற மாட்டான், வேலைக்குப் போக மாட்டான். வேறு சிலருக்கு மாதக்கணக்கில் ஓயாத கவலை, தூக்கமின்மை, தலைப்பாரம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். இதைக் கோழைத்தனம் என்று ஏசுவதும், வேலைக்குப் பயந்த நடிப்பு என்று மேஸ்திரி கேலி பேசுவதும் அறியாமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். நெஞ்சு வலியென்றால் முதலில் இருதயத்தைப் பரிசோதித்தே ஆக வேண்டும். ரத்த சோகையாலும், தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதாலும்கூடப் படபடப்பு வரும். அவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, "அப்படியானால் வேறு என்ன?" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இது நம் ஊர் விசித்திரமல்ல. 2019-ல் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததென்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே சிகிச்சை கிடைக்கிறது. நம் நாட்டில் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னும் மோசமான சித்திரத்தைக் காட்டியது: பதற்றம், மனச்சோர்வு போன்ற சாதாரண மனநோய்கள் உள்ள 100 பேரில் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

நம் மக்களிடையே இந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது? வாரத் தவணை வசூலிக்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நெஞ்சு பதறும் பெண்களைக் கேளுங்கள். முன்பணம் வாங்கிவிட்டு வெட்டு முடியாமல் தவிக்கும் கரும்புத் தொழிலாளியைக் கேளுங்கள். கல்வராயன் மலைக்குப் போய்ப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. இன்றும் பிழைப்புக்காக மலையிறங்கிய வாலிபர்களை, செம்மரம் வெட்டத் தரகர்கள் ஆந்திரக் காடுகளுக்குக் கொண்டு போகிறார்கள். துப்பாக்கிக்கும் சிறைக்கும் பயந்து அங்கே அவர்கள். சேதி வருமா என்று இங்கே தாயும் மனைவியும். இந்த வாழ்க்கையில் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் நம் தோழர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கடனும் கூலிக் குறைவும்தானே காரணம்? அவற்றைப் போராடித் தீர்த்தால் படபடப்பு தானே போய்விடும். ஏழைக்கு மனநல டாக்டர் எதற்கு? அது பணக்காரர் வியாதியல்லவா?"

கேள்வியில் பாதி நியாயம் உண்டு. பாதி தவறும் உண்டு. ஆலை இயந்திரத்தில் ஒரு தோழரின் கை சிக்கி எலும்பு முறிகிறது. இயந்திரத்துக்குக் காப்பு வேலி போடாத முதலாளிதான் காரணம். அவரை எதிர்த்துப் போராடுகிறோம். ஆனால், "வேலி போடும் வரை எலும்பைக் கட்டாதே" என்று அந்தத் தோழரிடம் சொல்வோமா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். காரணத்தோடு போராடுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். மனதில் ஏற்படும் முறிவுக்கும் இதே நியாயம்தான். தூக்கமற்று நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதன் சங்கக் கூட்டத்துக்குக்கூட வர மாட்டான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாராயத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை யார் மறக்க முடியும்? மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் மிகப் பலர் அன்றாடங்காய்ச்சிகள். விற்றவனும் விற்க விட்டவனும் குற்றவாளிகள். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் நம் ஆட்கள் ஏன் குடிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். உடம்பு வலிக்காக, தூக்கத்துக்காக, நெஞ்சிலுள்ள பயத்தை அமுக்கி வைப்பதற்காகக் குடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். சாராயம் இரண்டு மணி நேரம் பயத்தை மயக்கி வைக்கும். போதை இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். அதை அடக்க மறுபடியும் குடி. விஷம் கலக்காத சாராயமும் இந்த விதத்தில் விஷமே. நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே நிறுத்துவதையும் டாக்டர் துணையோடு செய்ய வேண்டும்.

இறந்தவர் குடும்பத்துக்குச் சர்க்கார் 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது வேண்டியதே. ஆனால் ஒரே இரவில் கணவனைப் பறிகொடுத்தவளின் நெஞ்சு நடுக்கத்துக்கு ரூபாய் மட்டும் மருந்தாகுமா? இத்தகைய பேரிடியின் பயம் மாதங்கள் சென்றும், வருஷங்கள் சென்றும் தலைதூக்கக்கூடியது. அதற்கும் சிகிச்சை தேவை. அதுவும் நிவாரணத்தின் ஒரு பகுதியே.

சிகிச்சை என்றால் என்ன? மின்சார அதிர்ச்சியும் கம்பிக் கதவும் என்று நினைத்துப் பலர் அஞ்சுகிறார்கள். பதற்ற நோய்க்கு அவை எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவரோடு சில வாரங்கள் உட்கார்ந்து பேசி, பயம் எப்படிக் கிளம்புகிறது, அதை எப்படிப் படிப்படியாக எதிர்கொள்வது என்று பழகுவது ஒரு வழி. மாத்திரை இன்னொரு வழி. பல நேரங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்தக் கூடாது. குணமானதும் தாமாகவே நிறுத்தவும் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு விஷயம். அது பழக்கமாகி அடிமைப்படுத்தும். டாக்டர் சீட்டின்றி அதைத் தொடாதீர்கள்.

சாமி கும்பிடுவதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகி மாண்டார்கள். பிறகு அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அந்தப் புத்தி 28 உயிர்களுக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா?

2017-ல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணத்தில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். ஆக, நாம் கேட்பது தர்மமல்ல. சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை.

போவது எங்கே? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே சொல்லுங்கள்: "டாக்டர், எனக்கு மனசு சம்பந்தமான படபடப்பாக இருக்குமோ?" இதில் வெட்கம் வேண்டாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஆலைத் தோழர்களுக்கு, தகுதி இருந்தால், டாக்டர் எழுதித் தரும் நோய் விடுப்புக்குக் கூலியில் 70 சதம் உதவித் தொகை உண்டு.

ஆனால் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க்காரர் கச்சிராயபாளையம் வழியே மலையிறங்கி வந்து திரும்ப ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் இழக்க வேண்டும். மாதா மாதம் இது நடக்குமா? 1982-லேயே தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-ல் அது மாவட்டத் திட்டமாக விரிந்தது. அப்படியிருந்தும் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: வெள்ளிமலையில் குறித்த நாளில், தவறாமல், மனநல டாக்டர் வந்து பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்க வேண்டும். கருணாபுரக் குடும்பங்களைத் தேடிச் சென்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஆலைகளில் இ.எஸ்.ஐ. பதிவை முதலாளிகள் ஏமாற்றாமல் செய்ய வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது ஒரு பக்கம். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. சங்கத் தோழர்களே! கூட்டாளி ஒருவர் வேலைக்கு வராமல் மூலையில் முடங்கினால் அவர் வீட்டுக்குப் போங்கள். "என்னடா, பேயா?" என்று கேலி செய்யாதீர்கள். "வா, நானும் கூட வருகிறேன்" என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சீட்டு வாங்கும் வரிசையில் அவரோடு நில்லுங்கள். விபத்தில் அடிபட்டவரைத் தோளில் தூக்கிப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தோள் இவருக்கும் வேண்டும்.