பங்குனி மழைக்கு விதைக்கலாமா?

கேள்வி: மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். கிணறு இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரே ராத்திரியில் நல்ல மழை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் மக்காச்சோளம் ஊன்றிவிட்டார்கள். வீட்டில் கடனுக்கு வாங்கிய விதை இருக்கிறது. ஊன்றலாமா?
- வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இப்போது ஊன்ற வேண்டாம். இந்த மழை உழவுக்கான மழை.

மக்காச்சோளம் விளைந்து வீடு வர ஏறத்தாழ 500 மி.மீ. தண்ணீர் வேண்டும். மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை மொத்தமாகச் சேர்ந்தாலும் ஆண்டு மழையில் ஏழில் ஒரு பங்குதான். அதுவும் இடி மழை. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறாது. ஈரத்தில் விதை முளைத்துவிடும். ஆனால் வைகாசியில் பூட்டை வெளிவரும்போது வெயிலும் வறண்ட காற்றும் மகரந்தத்தைக் காய வைக்கும். கதிர் இருக்கும், மணி இருக்காது. விதை, உரம், ஆள் கூலி மூன்றும் போய், கடன் மட்டும் நிற்கும்.

உழவுக்கும் பதம் உண்டு. மழை விட்ட மறுநாளே டிராக்டரை இறக்கினால் கரிசல் மண் அழுந்திக் கட்டியாகும். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் உழலாம், அப்படியே கிடந்தால் இன்னும் காய வேண்டும். செம்மண் ஓரிரு நாளில் பதத்துக்கு வரும். கரிசலுக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம்.

மண் மாதிரி எடுப்பதானால் உழுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பிறகு சட்டிக் கலப்பை அல்லது கொத்துக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே ஆழமாக உழ வேண்டும். அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். ரோட்டவேட்டர் இப்போது வேண்டாம். அது மேல்மண்ணை மாவாக்கும், அடிமண் இறுகியே கிடக்கும். கட்டிகள் கிடப்பது குறையல்ல, அடுத்த மழையில் கரையும். 2018 முதல் மக்காச்சோளத்தை வாட்டும் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கும். உழும்போது மேலே வந்து மைனாவுக்கும் கொக்குக்கும் இரையாகும், மீதி வெயிலில் சாகும். கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் காயும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

வாங்கிய விதை வீணாகாது. பையில் உள்ள சான்று அட்டையில் காலாவதித் தேதி இருக்கும். ஆவணி, புரட்டாசி வரை தேதி இருந்தால், பையைப் பிரிக்காமல் சிமெண்ட் தரையில் படாதபடி பலகை மேல், ஈரமில்லாத இடத்தில் வைக்கலாம். விதைக்கும் முன் 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஏழாம் நாள் எண்ண வேண்டும். 90க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. தேதி அதற்கு முன்பே முடிவதானால், ரசீதுடன் கடையில் இப்போதே மாற்றிக் கேட்பது மேல். மருந்து கலந்த விதை என்பதால் கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது.

தீவனத்துக்காகச் சோளம் தூவ நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறும். மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே சாகலாம். பூத்த பிறகு அறுத்துப் போடுவதே பாதுகாப்பு.