வாழைப்பழத்தை எழுதியது யார்?

'கரகாட்டக்காரன்' படத்தில் ஒரு வாழைப்பழம் காணாமல் போனது 1989-ல். இன்றுவரை கணக்கு தீரவில்லை. காசு கொடுத்தனுப்பிய கவுண்டமணியையும், இரண்டு பழத்துக்குப் பதில் ஒன்றோடு வந்து நின்ற செந்திலையும் நினைத்துச் சிரிக்காத தமிழர் குறைவு. யார் காமெடி அது? 'கவுண்டமணி - செந்தில் காமெடி' என்போம். அந்தக் காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பன். பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'யாரு, சந்தன மரம் கடத்தினாரே, அவரா?' என்று கேட்பார்கள்!

சினிமா, டி.வி. காமெடி, கார்ட்டூன், காமிக்ஸ் என்று எதைப் பற்றியும் நம்மிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். டீக்கடையில் சொல்வோம், ஆபீஸ் லிஃப்ட்டில் சொல்வோம். இதையெல்லாம் வெட்டிப்பேச்சு என்று முகம் சுளிக்கிற மேதாவிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேசுங்க சார், நல்லாப் பேசுங்க. 'சூப்பர்', 'மொக்கை' என்ற இரண்டே வார்த்தைகளில் பேச்சை முடித்துவிடுகிறோமே, அதுதான் என் ஆத்திரம்.

அமெரிக்காவில் டொனால்ட் டக் காமிக்ஸ் படித்தவர்களும் சாதாரண வாசகர்கள்தான். புத்தகத்தில் வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஆனாலும், சில கதைகளில் மட்டும் வாத்து உயிரோடு நடப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பெயர் தெரியாத அந்த ஆளுக்கு 'நல்ல வாத்து ஓவியர்' என்று தாங்களே பட்டம் சூட்டினார்கள். தேடித் தேடி, 1960-ல் ஆளைப் பிடித்துக் கடிதமும் போட்டுவிட்டார்கள். அவர்தான் கார்ல் பார்க்ஸ். 1942-லிருந்து வாத்துக் கதை போட்டுக்கொண்டிருந்தவர்!

பேட்மேன் விவகாரம் இன்னும் மோசம். 1939-ல் வந்த அந்தக் கதாபாத்திரத்துக்கு பாப் கேன் என்ற ஒருவர் மட்டுமே சொந்தம் கொண்டாடினார். வௌவால் முகமூடி, அங்கி, புரூஸ் வேய்ன் என்ற பெயர், காத்தம் என்ற ஊர் எல்லாவற்றிலும் பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளரின் பங்கு இருந்தது. இதை 1965-ல் போட்டு உடைத்தவர் ஜெர்ரி பெய்ல்ஸ், ஒரு காமிக்ஸ் ரசிகர். பாப் கேன் கோபமாக மறுத்தார். ஃபிங்கர் 1974-ல் இறந்தார். 'பேட்மேன்' படைப்பாளிகள் வரிசையில் அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015-ல்! ரசிகர்கள் விடாமல் நச்சரித்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

இங்கே? 2019 மே மாதம் 'காண்ட்ராக்டர் நேசமணி'க்காக இணையமே பிரார்த்தனை செய்தது. வடிவேலு அதற்கு முழுத் தகுதியானவர், மறுப்பில்லை. ஆனால் அந்த 'ஃப்ரெண்ட்ஸ்' (2001), இயக்குநர் சித்திக் 1999-ல் மலையாளத்தில் எழுதி எடுத்த படத்தின் தமிழ் வடிவம். தலையில் விழுந்த சுத்தியல் கேரளாவிலிருந்து வந்தது என்று பிரார்த்தித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுட்டி டி.வி. 2007-ல் வந்த பிறகு வீட்டுக்கு வீடு குழந்தைகள் டோரா மாதிரி பேசின. அந்தத் தமிழை எழுதியவர் யார், குரல் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்டோமா?

'சிரிச்சோமா, போனோமான்னு இல்லாம இதெல்லாம் எதுக்கு சார்?' என்பீர்கள். எழுதியவனுக்குப் பெயர்தான் அடுத்த வேலை சார். பெயர் வெளியே தெரியாதவனிடம் பேரம் பேசுவது சுலபம். கதை விவாதத்தில் ஒருவன் சொன்ன ஜோக்குக்கு டீயும் வடையும் கூலியாவது இப்படித்தான்.

படத்தின் ஆரம்பத்தில் டைட்டிலில் பெயர் போடுகிறார்களே என்றால், காமெடி சேனல்கள் நடுவிலிருந்து காட்சியை மட்டும் வெட்டியெடுத்துப் போடுகின்றன. டைட்டில் அங்கேயே போச்சு. திரையின் மூலையில் சேனலின் சின்னத்துக்கு இடம் இருக்கிறது, கீழே விளம்பரம் ஓட இடம் இருக்கிறது. 'நகைச்சுவை: ஏ. வீரப்பன்' என்று ஒரு வரி போட இடம் இல்லையா? பைசா செலவில்லாத வேலை. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு வாழைப்பழத்துக்குக் கணக்கு கேட்கிறோம். அதை எழுதியவனுக்கும் கொஞ்சம் கேளுங்களேன்!