ஆள் எண்ணி மருந்து கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்தபோது எங்கள் ஆட்கள் அதை வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். தோல் எரிந்தது, அரித்தது. அதிலிருந்து இங்கே யார் சொறிந்தாலும் "ஆத்துத் தண்ணிதான்" என்றே பேச்சு. எண்ணெயும் அனல்மின் நிலையச் சாம்பலும் தோலைக் கெடுக்கின்றன. அதற்கான நியாயத்தைக் கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் ராத்திரி படுத்தபின் கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக வந்து, ஆற்றில் காலே வைக்காத பிள்ளைக்கும் ஒட்டுகிற அரிப்பு வேறு. அது சிரங்கு. மிக நுண்ணிய சிற்றுண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வருவது. குளிக்காததால் வருகிறது என்று சொல்லி எங்கள் பெண்களைக் கூச வைக்காதீர்கள்.

என் வீட்டில் ஐந்து பேர். போன மழைக்காலத்தில் சின்னவனுக்கு மட்டும் அரித்தது. அவனுக்கு மட்டும் ஒரு ட்யூப் பெர்மெத்ரின் களிம்பு கிடைத்தது. ஒரு மாதத்தில் ஐந்து பேரும் சொறிந்தோம். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அவன் சொறியத் தொடங்கியபோதே எங்களுக்கும் ஏறியிருந்திருக்கிறது.

30 கிராம் ட்யூப் ஒரு பெரியவருக்கு ஒருமுறை பூசத்தான் வரும். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, காலையில் குளித்து, பாய் போர்வையை வெந்நீரில் அலசிக் காயப்போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அதன்பிறகும் சில வாரம் அரிக்கும் என்று யாரும் சொல்லாததால், மருந்து கேட்கவில்லையென்று நினைத்து, கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்குகிறார்கள். அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். புண் சீழ் பிடித்தால் சிறுநீரகம்வரை பாதிக்கலாம்.

ஊரோடு மருந்து கொடுத்தால் பலன் உண்டு. பிஜித் தீவுகளில் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். நூற்றில் 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓராண்டில் இரண்டு பேருக்கும் கீழே இறங்கியது. 2015இல் வெளியான ஆய்வு அது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை கூடாது, அவர்களுக்குக் களிம்பு.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலை காயும் மணலில் முடி கொட்டி, தோல் தடித்து, சொறிந்தே இளைத்துக் கிடக்கின்றன. அவற்றின் சிற்றுண்ணி நம்மேல் ஏறினால் சில நாள் அரிக்கும், ஆனால் நம் தோலில் பெருகாது. குடும்பத்தையே பிடித்திருக்கும் சிரங்குக்கு நாயைக் கல்லால் அடிப்பது அநியாயம். கால்நடை மருத்துவரை அனுப்புங்கள். ஒரு ஊசியோடு விட்டுவிடாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள். நாய்க்குக் கொடுக்கும் மருந்தை மனிதர் தொடக்கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும்.

மருத்துவ முகாம் போடுவதென்றால் மாலையில் போடுங்கள். காலையில் ஆண்கள் ஆற்றில் இருப்பார்கள். தோல் மருத்துவர் ஒருவரும் வரட்டும். எது எண்ணெய்ப் புண், எது சிரங்கு என்று பிரித்து எழுதட்டும். ட்யூப்களை வீட்டுக்கு ஒன்றாக அல்ல, ஆளுக்கு இரண்டாக எண்ணி எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முகத்துவாரக்குப்பத்துத் தாய் ஒருத்தி